அக்டோபரில் பிறந்தவளை நேராக யூகேஜியில் போடலாமா?

2025 பிப்ரவரி. சென்னையில் பாதி வீடுகளில் எல்கேஜி விண்ணப்பப் பேச்சு ஓடிக்கொண்டிருந்த சமயம். பெரம்பூரில் எங்கள் கீழ்வீட்டுப் பெண் மாடியேறி வந்து, "அக்கா, பாப்பாவ நேரா யூகேஜில போட்டுடலாமான்னு இவரு கேக்கறாரு. நீங்க டீச்சரா இருந்தவங்க, சொல்லுங்க" என்றாள். அயனாவரத்தில் ஒரு நர்சரி பள்ளியில் பதினோரு வருஷம் எல்கேஜி, யூகேஜி எடுத்தவள் நான். இந்தக் கேள்வியை ஒவ்வொரு வருஷமும் யாராவது கேட்பார்கள், அதில் முக்கால்வாசி பேரின் குழந்தைகள் சாதாரணச் சுட்டிகள், ஒரு ரைம்ஸ் கூடுதலாகத் தெரியும், நூறு வரை ஒப்பிக்கும், அவ்வளவுதான். ஆனால் இந்தப் பாப்பா அப்படி இல்லை.

2021 அக்டோபரில் பிறந்தவள், அன்றைக்கு மூன்றே கால் வயது. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு 29சி பஸ்ஸில் 'பெசன்ட் நகர்' என்று எழுத்துக்கூட்டாமலே படிப்பாள். அதைக்கூட விடுங்கள், தினமும் பார்க்கிற போர்டு, படமாக மனதில் பதிந்திருக்கும் என்று சொல்லிவிடலாம். நான் அசந்துபோனது வேறொரு விஷயத்துக்கு. ஒரு நாள் அரிசி மூட்டையில் இருந்ததைப் படித்துவிட்டு, "அத்தை, பொன்னில ரெண்டு சுழி, அண்ணாவுல ஏன் மூணு சுழி? சொல்லும்போது ரெண்டும் ஒண்ணாதானே கேக்குது?" என்றாள். பதினோரு வருஷத்தில் இதை என்னிடம் கேட்ட நாலு வயதுக்காரர் யாரும் இல்லை. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளே கேட்டதில்லை. கல்வித்துறையில் 'மீத்திறன் மாணவர்' என்று ஒரு சொல் உண்டு. அது மார்க்கைப் பார்த்துச் சொல்வதில்லை, இந்த மாதிரிக் கேள்வியைப் பார்த்துச் சொல்ல வேண்டியது என்று நான் நினைக்கிறேன்.

ஆக, பாப்பா கெட்டிக்காரி என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பெற்றோர் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்: அவளுக்கு எல்லாம் தெரியும், அப்புறம் எதற்கு ஒரு வருஷம் வீணாக? ஆனால் பள்ளி சேர்க்கும்போது ஒரு குழந்தையின் மூளையை மட்டும் தனியாகப் பிரித்து யூகேஜியில் உட்கார வைக்க முடியாது. அந்தக் கை, அந்தச் சிறுநீர்ப்பை, அந்த அழுகை, எல்லாம் சேர்ந்துதான் அந்த பெஞ்சில் உட்காரும். அதனால் நான் பார்ப்பது அந்த வகுப்பறையை: காலை எட்டரையிலிருந்து அங்கே அவளிடம் என்ன கேட்பார்கள், அதை அவளால் கொடுக்க முடியுமா?

முதலில் வயதுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'சீக்கிரம்' என்பதே நம் ஊரில் குழப்பமான சொல். தமிழ்நாட்டில் ஜூலை 31 அன்று 3 வயது முடிந்திருந்தால் எல்கேஜி, 5 முடிந்திருந்தால் ஒன்றாம் வகுப்பு. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் நலிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒதுக்குகிற 25 சதவீத இடங்களுக்கும் இதே கணக்குதான். 2020-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கையோ ஒன்றாம் வகுப்புக்கு 6 வயது என்கிறது, கேந்திரிய வித்யாலயாக்கள் 2022-லிருந்து அதைக் கறாராகப் பின்பற்றுகின்றன, மார்ச் 31 அன்று 6 முடிந்திருக்க வேண்டும். சிபிஎஸ்இ தனியார் பள்ளிகளில் கடைசித் தேதி பள்ளிக்குப் பள்ளி மாறும். இப்போது நம் பாப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். மாநிலக் கணக்குப்படி அவள் ஒன்றாம் வகுப்புக்குப் போவது 2027 ஜூன். நேராக யூகேஜியில் போட்டால் 2026 ஜூன். ஐஐடி வளாகத்திலிருக்கும் கேந்திரிய வித்யாலயாவிலோ வேறு கேந்திரிய வித்யாலயாவிலோ சேர்க்க நினைத்தால் 2028. ஒரே குழந்தை, ஒரே ஊர், மூன்று வெவ்வேறு வருஷம். அப்பாவுக்கு மத்திய அரசு வேலை, நாளைக்கே டெல்லிக்கு மாற்றல் வரலாம் என்கிற வீடாக இருந்தால், இங்கே முன்னால் தள்ளிய ஒரு வருஷம் அங்கே இரண்டு வருஷ இடைவெளியாக வந்து நிற்கும்.

இன்னொன்றும் இதில் தெரிகிறது. நாட்டின் பல மாநிலங்கள் 6 வயதுக்கு நகர்ந்துகொண்டிருக்கும்போது தமிழ்நாட்டுக் குழந்தை ஏற்கெனவே 5 வயதில் ஒன்றாம் வகுப்பில் இருக்கிறது. அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ 'சீக்கிரம் சேர்த்தோம்' என்று எழுதுகிறவர்கள் சொல்லும் வயதில் நம் பிள்ளைகள் சாதாரணமாகவே பள்ளியில் இருக்கிறார்கள். அதற்கும் மேலே ஒரு வருஷம் தள்ளுவதைப் பற்றித்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் அப்பா காலத்தில் இந்தப் பிரச்சினையே வேறு மாதிரி. வாத்தியார் பையனைக் கூப்பிட்டு, வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டால் சேர்த்துக்கொள்வார், தொடாவிட்டால் அடுத்த விஜயதசமிக்கு வா என்பார். பிறந்த தேதி தெரியாத வீட்டுப் பிள்ளைக்கு அவரே ஒரு தேதி போட்டுவிடுவார், அதனால்தான் நம் பெரியவர்களில் இத்தனை பேருக்கு ஜூன் மாதத்தில் சர்டிபிகேட் பிறந்தநாள் (அப்பாவுக்கு ஜூன் 1, பாட்டியைக் கேட்டால் ஐப்பசி அடைமழையில் பிறந்தவன் என்பார்). இப்போது அந்த வழி அடைபட்டுவிட்டது. 2023-ல் திருத்தப்பட்ட பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, அந்த ஆண்டு அக்டோபர் 1-லிருந்து பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் பிறப்புச் சான்றிதழ்தான் வயதுக்கு ஆதாரம். ஆனாலும் காதைத் தொடுகிற சோதனையைப் பற்றி நான் லேசாகப் பேச மாட்டேன். அது உடம்பைக் கேட்டது. இந்தக் கை இவ்வளவு வளர்ந்திருக்கிறதா என்று கேட்டது. இன்றைக்கு விண்ணப்பப் படிவத்தில் அந்தக் கேள்வியே கிடையாது.

சரி, ஆராய்ச்சி என்ன சொல்கிறது? இங்கேதான் இணையத்தில் தேடுகிற பெற்றோர் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் நேர் எதிரான இரண்டு பதில் கிடைக்கும். ஒரு பக்கம், அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தின் பெலின்-பிளாங்க் மையம் 2004-லும் 2015-லும் வெளியிட்ட அறிக்கைகள். பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து, மீத்திறன் குழந்தைகளை ஒரு வகுப்பு முன்னால் போட்டால் படிப்பில் நன்றாக வருகிறார்கள், பழகுவதிலும் பெரிதாகக் கெட்டுப்போவதில்லை என்று அவை சொல்கின்றன. ஆஸ்திரேலியாவில் மிராகா கிராஸ் என்பவர் நுண்ணறிவு ஈவு, அதாவது ஐக்யூ, 160-க்கு மேல் உள்ள 60 குழந்தைகளை இருபது வருஷத்துக்கு மேல் பின்தொடர்ந்து பார்த்தார். வயதுக்கேற்ற வகுப்பிலேயே உட்கார வைக்கப்பட்டவர்களில் பலர் நட்பு கிடைக்காமல் தவித்தார்கள், இரண்டு மூன்று வகுப்பு தாண்டியவர்கள்தான் நிம்மதியாக இருந்தார்கள்.

இன்னொரு பக்கம், வகுப்பிலேயே வயதில் சின்னவராக இருப்பதன் விலையைப் பற்றிய ஆய்வுகள். 2018-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது ஒன்று: அமெரிக்காவில் செப்டம்பர் 1 கடைசித் தேதியாக உள்ள மாநிலங்களில், ஆகஸ்டில் பிறந்த குழந்தைகளில் 10,000-க்கு 85 பேருக்கு கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு, அதாவது ஏடிஎச்டி என்று முத்திரை விழுந்திருக்கிறது, செப்டம்பரில் பிறந்தவர்களில் 64 பேருக்கு. ஒரு மாத வித்தியாசம்தான், ஆனால் ஒருவர் வகுப்பிலேயே சின்னவர், மற்றவர் ஒரு வகுப்பு கீழே, அங்கே பெரியவர். நாலு வயதுக்குரிய துறுதுறுப்பை ஐந்து வயதுக்காரர்கள் நடுவில் வைத்துப் பார்த்தால் அது நோயாகத் தெரிகிறது.

இரண்டும் உண்மைதான், மோதவும் இல்லை. முதல் வகை ஆய்வில் இருப்பவர்கள் பொறுக்கி எடுக்கப்பட்ட குழந்தைகள்: சோதித்துப் பார்த்து, ஆசிரியர் பேசி, பள்ளி சம்மதித்து, கூட ஆள் வைத்து முன்னால் அனுப்பப்பட்டவர்கள். இரண்டாவது வகையில் இருப்பவர்கள் பிறந்த தேதியின் தற்செயலால் சின்னவர்களாக ஆனவர்கள். நம் பெற்றோர் முதல் வகை ஆய்வின் முடிவைப் படித்துவிட்டு, குழந்தையை இரண்டாவது வகைச் சூழ்நிலையில் கொண்டுபோய் விடுகிறார்கள். பொறுக்குவதும் இல்லை, கூட ஆளும் இல்லை. வகுப்பில் நாற்பது பேர், அதில் நாற்பத்தோராவதாக ஒரு சின்னது.

எனக்கு இது வெறும் படிப்பு ஞானம் இல்லை. என் கண்ணெதிரே நடந்தது. ஒரு பையன், மார்ச்சில் பிறந்தவன், மூன்றரை வயதில் செய்தித்தாள் தலைப்பு படிப்பான். நான் வேலை பார்த்த பள்ளியில் அவனை நேராக யூகேஜியில் சேர்த்துக்கொண்டார்கள், அந்த வருஷம் யூகேஜியில் இடம் காலியாக இருந்தது என்பதுதான் முக்கியக் காரணம். படிப்பதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் யூகேஜியில் பாதி நேரம் எழுத்துதான், நாலுகோடு நோட்டில் பக்கம் பக்கமாக. அவன் பென்சிலை ஐந்து விரலாலும் கொத்தாகப் பிடிப்பான், கட்டைவிரல் மேலே ஏறி நிற்கும், அழுத்துகிற அழுத்தில் தாள் கிழியும். மூன்றாவது வரியில் கை வலித்துவிடும். எழுதி முடித்தால்தான் விளையாட விடுவார்கள், அதனால் பாதி நாள் அவன் விளையாடவே போகவில்லை. டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்க முடியாமல், கேட்கவும் வெட்கப்பட்டுக்கொண்டு, சாப்பிடாமல் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறான். ஒன்றாம் வகுப்பு டைரியில் 'எழுதுவதில் மந்தம்' என்று குறிப்பு வந்தது. செய்தித்தாள் படிக்கிற குழந்தையை மந்தம் என்று எழுதினோம். சேர்க்கும்போதே கையைப் பாருங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

இதற்கு நேர் மாறாகவும் ஒருத்தி உண்டு. டிசம்பரில் பிறந்தவள், உயரமானவள், கூட்டுக்குடும்பத்தில் பெரிய அக்காக்களோடு வளர்ந்தவள். எல்கேஜியில் தினமும் காலையில் வாசலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிரிவு அழுகை என்று இரண்டு மாதம் விட்டுப்பார்த்தோம். செப்டம்பரில் ஒரு நாள் ஆயாம்மா அவளைத் தற்செயலாக யூகேஜியில் உட்கார வைக்க, அன்றைக்கு அழுகையே இல்லை. அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். அவளுக்கு அது சரியான முடிவு, இப்போதும் அப்படித்தான் சொல்வேன். எழுதவும் வந்தது, பெரிய பிள்ளைகளோடு விளையாடவும் வந்தது, போக வேண்டும் என்று அவளே காட்டினாள்.

அயோவாக்காரர்கள் வகுப்பு தாண்டுவதைப் பற்றி முடிவெடுக்க ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். அதில் நுண்ணறிவோடு உயரம், கை லாவகம், பள்ளி மீதுள்ள ஆசை, ஆசிரியரின் மனநிலை எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. சில விஷயங்களில் மட்டும் பேச்சுக்கே இடமில்லை, நிறுத்திவிடு என்கிறது: நுண்ணறிவு ஈவு 115-க்குக் கீழே இருந்தால், அண்ணனோ அக்காவோ படிக்கிற வகுப்புக்கே போய்ச் சேருவதாக இருந்தால், குழந்தைக்கே விருப்பம் இல்லாவிட்டால். அந்தக் கடைசி விஷயத்தை நம் வீடுகளில் யாரும் கேட்பதே இல்லை.

நுண்ணறிவுச் சோதனை எடுக்கலாமா என்று கேட்பார்கள். எடுக்கலாம், பினே-காமத் சோதனை 3 வயதிலிருந்தே செய்யக்கூடியது, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரிடம்தான் போக வேண்டும். ஆனால் இந்த வயதில் வருகிற எண்ணைக் கல்வெட்டாக நினைக்க வேண்டாம், தூக்கம் வந்தால்கூட இறங்கிவிடும். பள்ளியே சோதித்துச் சேர்த்துக்கொள்ளட்டும் என்றால் அதுவும் நடக்காது, சேர்க்கைக்காகக் குழந்தையைச் சோதித்து வடிகட்டுவதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-வது பிரிவு தடை செய்கிறது. நல்ல காரணத்துக்காக வந்த தடை. இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: மிகச் சீக்கிரம் படிக்கிற குழந்தை, கூப்பிட்டால் திரும்பாமல், மற்ற பிள்ளைகளோடு ஒட்டாமல், படித்ததற்கு அர்த்தம் கேட்டால் சொல்லாமல் இருந்தால், வகுப்பு தாண்டுவதைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் வளர்ச்சி சார்ந்த குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். பயப்பட ஒன்றும் இல்லை, தெரிந்துகொண்டால் குழந்தைக்குத்தான் நல்லது.

கீழ்வீட்டு அப்பாவின் கவலை வேறு. "ஒரு வருஷம் முன்னாடி முடிச்சா நீட்டுக்கு ஒரு வருஷம் கூடக் கிடைக்குமே" என்றார். மூன்றே கால் வயதுக் குழந்தைக்கு நீட். கோபப்படாமல் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நீட் எழுத, சேருகிற ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும். பாப்பா ஒரு வருஷம் தாண்டினால் பிளஸ் டூ முடிப்பது 2038-ல், அந்த டிசம்பரில் அவளுக்கு 17 முடிந்திருக்கும், தப்பித்தாள். ஆனால் இதே குழந்தை 2022 பிப்ரவரியில் பிறந்திருந்தால் அந்த டிசம்பரில் 16 வயதுதான், அந்த ஆண்டு நீட் எழுத முடியாது, ஒரு வருஷம் வீட்டில் காத்திருக்க வேண்டும். எல்கேஜியில் மிச்சம் பிடித்த வருஷத்தை அங்கே திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். ஆகஸ்டிலிருந்து டிசம்பருக்குள் பிறந்தவர்கள் ஒரு வருஷம் தாண்டினால் இந்த விதி தடுக்காது, ஜனவரிக்கு அப்புறம் பிறந்தவர்களைத் தடுக்கும். மருத்துவம் மட்டுமே குறி என்கிற வீட்டில் இதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

தாண்டுவது அல்லது சும்மா உட்காருவது, இந்த இரண்டுதான் வழி என்று ஏன் நினைக்கிறோம் என்று எனக்குப் புரிவதில்லை. அதுவும் சென்னையில். 1939 இறுதியில் மரியா மாண்டிசோரி நேரில் வந்து அடையாறு பிரம்மஞான சபையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த ஊர் இது. அவருடைய முறையில் இரண்டரை வயதிலிருந்து ஆறு வயது வரை ஒரே அறையில்தான் இருப்பார்கள். நாலு வயதுக்காரி ஆறு வயதுக்காரனின் கணக்கு மணியை எடுத்து வேலை செய்தால் யாரும் அவளை 'டபுள் ப்ரமோஷன்' என்று சொல்வதில்லை. நம் மாநகராட்சிப் பள்ளிகளிலும் 2003-ல் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது ஒன்றிலிருந்து நாலு வரை பிள்ளைகள் பாயில் கலந்து உட்கார்ந்து, பாடங்களை வரிசையாகக் காட்டும் ஏணிப்படி படத்தைப் பார்த்து அவரவர் பாட அட்டையை எடுத்துப் படித்தார்கள். வேகமாக ஏறுகிறவர் ஏறலாம். 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தார்கள், வயதை வைத்து அல்ல, என்ன தெரியும் என்பதை வைத்து. பின்தங்கியவர்களுக்காக வந்த திட்டம்தான், ஆனால் முன்னால் ஓடுகிற பிள்ளைக்கும் அதே கதவு திறக்கும். இந்த விஷயத்தில் பெரிய கட்டணம் வாங்குகிற பல பள்ளிகளைவிட நம் அரசுப் பள்ளிகள் அதிகம் யோசித்திருக்கின்றன என்பது என் கருத்து.

அன்றைக்கு மாலை பாப்பாவை மாடிக்கு வரச் சொன்னேன். கத்தரிக்கோல் கொடுத்து ஒரு வட்டம் வெட்டச் சொன்னேன், கோணல் மாணலாக வந்தது, பாதியில் கை மாற்றிக்கொண்டாள். டிபன் பாக்ஸ் திறந்தாள். செருப்பு வார் போடத் தெரியவில்லை. சீட்டுக்கட்டில் தோற்கடித்தபோது அரை மணி நேரம் அழுதாள், அம்மா மடியை விட்டு இறங்கவில்லை. அப்புறம் கேட்டேன், "பெரிய அக்காங்க கிளாஸுக்குப் போறியா, உன் வயசு பிள்ளைங்க கிளாஸுக்குப் போறியா?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "கதை புக் எங்க இருக்கு?" என்றாள்.

எல்கேஜியிலேயே போடு என்று சொன்னேன். ஆனால் சும்மா போடாதே, பள்ளியில் போய் பேசு, வாசிப்பு நேரத்துக்கு மட்டும் யூகேஜிக்கு அனுப்பச் சொல், எழுத்து வேலை வயதுக்கேற்ப இருக்கட்டும் என்றேன். முதலில் போன இரண்டு பள்ளிகள் அதெல்லாம் வழக்கமில்லை என்றன. மூன்றாவதாக, தெருக்கோடியில் இருக்கும் சின்னப் பள்ளியில் தலைமை ஆசிரியை அம்மா பாப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு கதையைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அனுப்பலாமே, இதுல என்ன இருக்கு" என்றார்.

இப்போது தினமும் பதினோரு மணிக்கு அவள் தன் தண்ணீர் பாட்டிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் நாலு வாசல் தள்ளி நடந்து போகிறாள், நாற்பது நிமிஷம் கழித்துத் திரும்பி வந்து தன் வகுப்புப் பிள்ளைகளுக்கு அங்கே படித்த கதையைச் சொல்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகள் பிரிவு. வட்டம் இன்னும் கோணலாகத்தான் வெட்டுகிறாள். செருப்பு வார் போடக் கற்றுக்கொண்டுவிட்டாள். அடுத்த வருஷம் என்ன செய்வது என்று அம்மா என்னைக் கேட்கவில்லை, தலைமை ஆசிரியையைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.